அக்காவின் இடது கைப் பிடி

என் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்களின் கண் நேராக டிவிக்குப் பக்கத்து அலமாரிக்குத்தான் போகும். புத்தகம் இருக்கவேண்டிய தட்டில் மஞ்சளாக, கோணல்மாணலாக, கல் மாதிரி காய்ந்துபோன உருண்டைகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். "இது என்ன, சேனைக்கிழங்கா?" என்று கேட்டவர் உண்டு. சிலிண்டர் கொண்டுவந்த ஆள் ஏதோ மந்திரம் தந்திரம் என்று நினைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கோதுமை மாவில் உப்பும் மஞ்சளும் போட்டுக் கெட்டியாகப் பிசைந்தது, அவ்வளவுதான். ஒவ்வோர் உருண்டையிலும் ஒருவருடைய கை பதிந்திருக்கிறது. கட்டைவிரல் அழுந்திய குழி, மற்ற விரல்கள் சுற்றிப் பிடித்த பள்ளங்கள், சிலவற்றில் மோதிரத்தின் தடம் கூட உண்டு. அந்தக் கைக்கு ஏற்றபடி அவரவர் சமையலறைக் கத்திக்கு மரப்பிடி போட்டுக்கொடுக்கிறேன். இது என் பொழுதுபோக்கு.

எனக்குத் திண்டுக்கல் பக்கம். ஹைதராபாத்தில், கச்சிபௌலியில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கிற வேலை. அடுத்தவர் செய்ததில் தப்புக் கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். எனக்கு அது சின்ன வயதிலேயே கைவந்த கலை. கல்யாணம் ஒன்று நடந்தது, ஒத்துவரவில்லை, பிரிந்துவிட்டோம். குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனியின் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். ஆபீஸ் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவரை வீடு என்பது தூங்குகிற இடமாகத்தான் இருந்தது. இனி வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அமைதியான வீடு என்று தெரிந்தது. மீட்டிங்கில் பேசுவதைத் தவிர வாயைத் திறக்காமலே நாட்கள் போயின. ஒருநாள் தள்ளுவண்டிக்காரரிடம் அரை கிலோ தக்காளி கேட்க வாயெடுத்தேன். குரல் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அன்றைக்கு உண்மையிலேயே பயந்துபோனேன்.

கைக்கு ஏதாவது வேலை கொடுக்கவேண்டும் என்று வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். தையல் பொறுமை இல்லை, ஓவியம் வரவில்லை. ஒரு வெளிநாட்டுக்காரர் பழைய கத்தியின் உடைந்த பிடியைக் கழற்றிவிட்டு, இரண்டு மரத் துண்டுகளை இரண்டு பக்கமும் ஒட்டி, பித்தளை ஆணி இறக்கி, அரத்தால் ராவி, எண்ணெய் பூசி மினுங்க வைத்ததைப் பார்த்தேன். அது பிடித்துவிட்டது. பால்கனியில் துணி காயப்போடும் கொடியை ஓரங்கட்டிவிட்டு ஒரு மேசையும் இறுக்கிப் பிடிக்கிற ஒரு வைஸும் போட்டேன். காலனியைத் தாண்டி மெயின் ரோட்டில் இருக்கிற மரக்கடையில் கதவு, ஜன்னல் அறுத்ததுபோக மிஞ்சிய துண்டுகள் மூட்டையாகக் கிடக்கும். தேக்கு, ஈட்டி, வேம்பு என்று பொறுக்கிக்கொண்டு வருவேன். மரத்தூள் மூக்கில் ஏறித் தும்மல் வரும்போது கூட, வீட்டில் ஏதோ ஒரு சத்தம் கேட்கிறதே என்று சந்தோஷமாக இருக்கும்.

அந்தத் தும்மலைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அக்கா வந்தார்.

அதுவரை படிக்கட்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அக்கா செகந்திராபாத்தில் ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒர்க் ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். கணவரும் அதே ஒர்க் ஷாப்தான். ஓய்வுபெற்று இந்த வீட்டை வாங்கி, கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்துவிட்டார். ஒரே மகன் கனடாவில். அக்காவின் தமிழில் தெலுங்கும் உருதுவும் தாராளமாகக் கலந்திருக்கும். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. முதல் ஒரு வாரம் பாதி புரியாமலே தலையாட்டினேன்.

"இன்னாம்மா, கார்பென்ட்ரி பண்றியா? பொண்ணு பிள்ள கத்தி செய்றத இப்பதான் பாக்கறேன்."

"கத்தி செய்யலக்கா. பிடி மட்டும் போடுறேன்."

"அப்ப எனுதுக்கும் போடு. அடுப்பாண்ட வச்சு உருகிப்பூட்சி" என்று சொல்லி ஒரு கத்தியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் பிடி ஒருபக்கம் உருகி, அதன்மேல் பழைய துணியைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்தே எனக்குக் கோபம் வந்தது.

ஆர்வக்கோளாறில், வீடியோவில் பார்த்த மாதிரியே கனமாக, கையை நிறைக்கிற பிடி ஒன்று போட்டுக் கொடுத்தேன். என் கையில் பத்து தடவை பிடித்துப் பார்த்து, திருப்தியாகத்தான் கொடுத்தேன். அக்கா வாயாரப் புகழ்ந்துவிட்டு வாங்கிப்போனார். அடுத்த வாரம் எதேச்சையாக அவர் சமையலறைக்குள் போனால், பழைய உருளைக்கிழங்கு தோல் சீவியை வைத்துக்கொண்டு பீன்ஸுடன் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். என் கத்தி ஸ்டாண்டில் அழகாக நின்றுகொண்டிருக்கிறது.

"ஏங்க்கா, கத்தி சரியில்லையா?"

"பாக்கறதுக்கு சூப்பரா கீது. புடிச்சாத்தான் வழுக்குது."

பிடித்துக் காட்டச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் விளங்கியது. வீடியோக்காரர் பலகையில் காயை வைத்து மேலிருந்து கீழே வெட்டுகிறார். அக்காவுக்குப் பலகையும் கிடையாது, கிலகையும் கிடையாது. காயைக் கையிலேயே பிடித்து, கத்தியைத் தன் பக்கமாக இழுத்து, கட்டைவிரலில் வந்து நிற்கிற மாதிரி நறுக்குவார். என் அம்மாவும் அப்படித்தான் நறுக்குவாள், நானும் அப்படித்தான் நறுக்குகிறேன். அப்படியிருக்க எவனோ ஒருவன் மாட்டுக்கறி வெட்டுகிற பிடியைச் செய்துகொடுத்திருக்கிறேன். போதாததற்கு அக்கா சாப்பிடுவது வலது கை, கத்தி பிடிப்பது இடது கை. அந்த இடது கையிலும், எப்போதோ குழம்புச் சட்டி கவிழ்ந்து வெந்துபோனதிலிருந்து சுண்டு விரல் மடங்காது, நீட்டிக்கொண்டே நிற்கும். இத்தனை தப்பையும் ஒரே பிடியில் செய்த என்னை எந்தக் கம்பெனி வேலைக்கு வைத்துக்கொள்ளும்?

மாவு விஷயம் அக்காவால்தான் வந்தது. ஒருநாள் என் வீட்டில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர், பாதியில் ஏதோ பாக்கெட்டை அறுக்க, மாவுக் கையோடு கத்தியைப் பிடித்துவிட்டார். அறுத்துவிட்டுக் கீழே வைத்தபோது பிடியின்மேல் மாவு ஒட்டி, அவர் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. "கழுவாதீங்கக்கா, கழுவாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் அவர் பயந்துபோய் அடுப்பையே அணைத்துவிட்டார். அதற்குப் பிறகு அதுதான் என் முறை. பழைய பிடியைக் கழற்றி, அலகை அட்டையில் சுற்றிக் கட்டி, உள்ளே இருக்கும் இரும்பு வாலைச் சுற்றி மாவை அப்பிவிடுவேன். கத்திரிக்காய் நறுக்குவதாக நினைத்துக்கொண்டு பிடியுங்கள் என்பேன். பிடித்த கையை எடுத்ததும் மாவைக் கீறிக் கழற்றி, ஒட்டவைத்துக் காயவைப்பேன். அதைப் பார்த்துப் பார்த்து மரத்தை ராவுவேன்.

விஷயம் பரவி, பிளாக்கில் இருக்கிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். வருவார்கள், மாவைப் பிடிப்பார்கள், "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்பார்கள், கத்தி தயாரானதும் எடுத்துக்கொண்டு போவார்கள். கதவு சாத்தியதும் வீடு மறுபடி பழையபடி ஆகிவிடும். அவர்களுடைய கைகள் மட்டும் அலமாரியில் மிஞ்சும். தங்கியது அக்கா ஒருவர்தான். சாயங்காலம் நான் லேப்டாப்பை மூடுகிற நேரம் பார்த்து, ஒரு தட்டில் மறுநாளைக்கான காயோடு வருவார். ஹாலில் தரையில் உட்கார்ந்து இருவரும் நறுக்குவோம். அவர் பேசுவார், நான் குறை சொல்வேன். அவர் கொத்தவரங்காயை நீளமாக நறுக்குவது எனக்குப் பிடிக்காது. நான் வெங்காயத்துக்கு அழுவது அவருக்குச் சிரிப்பு. இந்த ஊரில் என்னை அழவும் சிரிக்கவும் பார்த்த ஒரே ஆள் அவர்தான். வேறு யாரும் எனக்கு இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் கனடாவிலிருந்து அக்காவின் மகன் கூப்பிட்டான். பேத்தி பிறந்திருக்கிறாள், வந்து ஆறு மாதம் இருந்துவிட்டுப் போ என்றான்.

"சிக்ஸ் மந்த்ஸ்தான். கண்ண மூடி கண்ண தொறந்தா வந்துடுவேன்" என்றார் அக்கா.

"நீங்க வரமாட்டீங்க" என்றேன் நான். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"சீ, வாயக் கழுவு."

அன்றைக்கு ஆரம்பித்தது என் பயம். அக்கா திரும்பி வருவாரா, மாட்டாரா? வேலை செய்யும்போது, குளிக்கும்போது, தும்மும்போது கூட இதுதான். வாயால் கேட்டால் சண்டையில் முடியும் என்று, கையால் ஏதாவது செய்யலாம் என்று முடிவெடுத்தேன். புதிதாக ஒரு கத்தி அலகு வாங்கினேன். ஈட்டிக் கட்டையில் நல்ல துண்டாக ஒன்று எடுத்துவைத்திருந்தேன். கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடு ஓடும். அக்காவின் மாவுக் கையை முன்னால் வைத்துக்கொண்டு ராவினேன். கட்டைவிரலுக்கான குழி இடது கைக்காரர்களுக்கு எந்தப் பக்கம் வருமோ அந்தப் பக்கம். மூன்று விரலுக்கு மூன்று மெல்லிய பள்ளம். மடங்காத சுண்டு விரல் சாய்ந்து படுத்துக்கொள்ள அடியில் ஒரு சரிவு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைத்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் அந்தப் பிடி பொருந்தாது. எனக்கு அதில் ஒரு கர்வம்.

புறப்படுகிற நாள் காலையில் கொண்டுபோய் நீட்டினேன். அக்காவின் முகம் மலர்ந்தது. கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அங்க வை. நான் எடுத்துக்கறேன்."

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். கீழே வைத்துவிட வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவரை நானும் அக்கா வீட்டில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், அவர் மனத்துக்காக. அன்றைக்கு என்னவோ எனக்கு வீம்பு வந்துவிட்டது.

"என்னக்கா நீங்க, கையப் பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கேன். கையிலதான் கொடுப்பேன். பிடிங்க."

"நக்கோ ம்மா, நக்கோ. வை கீழ."

நான் வைக்கவில்லை. அவர் இடது கையைப் பிடித்து இழுத்து, பிடியை அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன். சுண்டு விரல் சரியாகச் சரிவில் போய்ப் படுத்தது. அவர் கையின்மேல் என் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். உண்மையைச் சொன்னால் கத்தி ஒரு சாக்கு. எனக்கு அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அக்கா கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி வந்தது. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வாரம் ஒருமுறை அவர் வீட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, குழாயில் தண்ணீர் விட்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. முதல் தடவை போனபோதே பார்த்துவிட்டேன். சமையலறை ஸ்லாபின்மேல், அடுப்புக்குப் பக்கத்தில், மடித்த துண்டின்மேல் கத்தி இருந்தது. அக்கா எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. அங்கே என்ன மணி என்று கூடப் பார்க்காமல் போன் போட்டேன்.

"ஏங்க்கா, பெரிய பெட்டியில ஊறுகா பாட்டில் போகுது, அப்பளக் கட்டு போகுது, நான் செஞ்ச கத்திக்கு மட்டும் இடமில்லையா?"

"கத்தாதம்மா. நீ கையில குடுத்துட்டே. எனக்கு மனசே கேக்கல. அதான் ஸ்லாப் மேல வச்சுட்டேன்" என்றார். "நான் திரும்பி வருவேன்ல, அப்ப அங்கருந்து எடுத்துக்கறேன். அப்ப நீ குடுத்தா மாதிரி ஆவாது. நான் எடுத்தா மாதிரிதான் ஆவும். ஹவ்வா, இல்லியா?"

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் போனை வைத்தபோது வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கத்தி ஸ்லாபில் இருக்கிறவரைக்கும் அக்கா வந்தாக வேண்டும். ஒவ்வொரு வாரமும் போய், அலகில் துரு ஏறாமல் எண்ணெய்த் துணியால் துடைப்பேன். பிடியைத் தொடமாட்டேன். துண்டை உதறி, மடித்து, அதே இடத்தில் அதே பக்கம் பார்த்து வைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் தனியாக உட்கார்ந்து காய் நறுக்கும்போது, எதிர்வீட்டில் கத்தி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அது போதுமானதாக இருந்தது.

ஆறு மாதம் முடிந்தது. குளிர் போகட்டும் என்றார்கள். குளிர் போனது, அக்காவுக்கு முட்டி வலி, அங்கேயே வைத்தியம் பார்க்கலாம் என்றார்கள். பிறகு பேத்தி ப்ளே ஸ்கூல் போகிறாள், கொண்டுபோய் விட ஆள் வேண்டும் என்றார்கள். எல்லாமே நியாயமான காரணங்கள். அதுதான் எனக்கு எரிச்சல். தினம் வந்த போன் வாரம் ஒருநாள் ஆயிற்று. அக்கா பேசுகிற வேகம் குறைந்துவிட்டது. நடுவில் என்ன சொல்வது என்று தெரியாமல் இருவரும் வானிலை பேசினோம். ஹாலில் உட்கார்ந்து பேசியபோது எங்களுக்கு வானிலை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை மகன் கூப்பிட்டான். அவனுக்குத் தமிழ் புரியும், பேச வராது.

"ஆன்ட்டி, ஒன் ஸ்மால் ஹெல்ப். ஃப்ளாட் சேல் ஃபைனல் ஆயிடுச்சு. கீஸ் கொஞ்சம் புரோக்கர்கிட்ட ஹேண்ட் ஓவர் பண்ணணும். கிச்சன் ஐட்டம்ஸ் யூ ப்ளீஸ் டேக் வாட்எவர் யூ வான்ட்."

அவன் பேசிய தமிழை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்காகக் கஷ்டப்பட்டுப் பேசினான் என்று புரிந்தது. அதனால் அவனைத் திட்ட முடியவில்லை. சரிப்பா என்றேன்.

அன்று மத்தியானமே எதிர்வீட்டுக்குப் போனேன். பாத்திரங்கள், ஸ்டவ், அக்கா மாட்டிவைத்த காலண்டர் எல்லாம் அப்படியே இருந்தன. வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டேன். போனைத் திருப்பி ஸ்லாபைக் காட்டினேன்.

"இத என்னக்கா செய்ய?"

அக்கா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார். பின்னால் பேத்தி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்சல்ல அனுப்பவா?"

"நக்கோ ம்மா. இங்க காயெல்லாம் நறுக்கித்தான் பாக்கெட்ல வருது." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "தோ பாரு. அத நான்தான் அங்க வச்சேன். உன் கையில நான் குடுக்கல. நீயே அங்கருந்து எடுத்துக்கோ. அப்ப நம்முளுக்குள்ள ஒண்ணும் அறுந்துபோவாது."

"நீங்க வரலங்கிறீங்க."

"எடுத்துக்கோ ம்மா. நான் பாக்கறேன், எடு."

போனை மசாலா டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு, அவர் பார்க்கப் பார்க்க எடுத்தேன். அன்றைக்கு வெங்காயம் இல்லாமலே அழுதேன். அக்கா சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் கொண்டாப்பூரிலிருந்து வந்த இளம் தம்பதி. கதவில் செருப்பு ஸ்டாண்ட் மாட்டியிருக்கிறார்கள், லிஃப்டில் பார்த்தால் 'ஹாய்' சொல்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான்.

கத்தி என்னிடம் இருக்கிறது. வலது கையில் அது நிற்காது; குழி இருக்கவேண்டிய இடத்தில் மேடும், மேடு இருக்கவேண்டிய இடத்தில் குழியும் உறுத்தும். உப்புத்தாளை எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் கைக்குச் சரியாக்கிவிடலாம். ஒருநாள் வைஸில் மாட்டியே விட்டேன். பிறகு கழற்றிவிட்டேன்.

இப்போது சாயங்காலம் லேப்டாப்பை மூடிவிட்டு, ஹாலில் தரையில் உட்கார்ந்து இடது கையால் நறுக்கிப் பழகுகிறேன். கொத்தவரங்காய் கோணையாக வருகிறது, நேரமும் ஆகிறது. கட்டைவிரலுக்கு அதன் குழி பழகிவிட்டது, மூன்று விரலும் தாமாகவே பள்ளத்தில் போய் உட்காருகின்றன. சுண்டு விரலை மடக்காமல் நீட்டி வைக்கத்தான் அடிக்கடி மறந்துபோகிறது.